குப்பைக்குப் பொட்டு வைக்காதீர்கள்

விழிப்புணர்வு என்ற சொல்லைப் பத்து வருஷத்துக்குத் தடை செய்ய வேண்டும். 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்தப் பட்டியலில் பதினைந்தாவதாக இந்தச் சொல்லையும் சேர்த்திருக்கலாம். இதுவும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற சமாச்சாரம்தான். பேனரில் அடிக்கிறோம், ஊர்வலத்தில் கத்துகிறோம், போட்டோ எடுக்கிறோம். மறுநாள் பேனரும் குப்பைக்குப் போகிறது, சொல்லும் கூடவே போகிறது.

கோபமாகத்தான் சொல்கிறேன். நான் மதுரைக்காரன். 2025 ஜூலையில் வந்த தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் எங்கள் ஊர் நாற்பதாவது. கடைசி. விழிப்புணர்வு குறைவாக இருந்ததால் கடைசி இடம் வந்ததா? எங்கள் ஊரில் குப்பை பற்றிய ஓவியம் இல்லாத பாலம் உண்டா? உறுதிமொழி எடுக்காத பள்ளிக்கூடம் உண்டா? வைகையில் மூட்டையை வீசிவிட்டுப் போகிறவருக்கு அது தப்பு என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இருட்டினதும் வந்து வீசுகிறார்.

தெரிந்த விஷயத்தையே திரும்பத் திரும்பத் தெரியப்படுத்துவதற்கு இப்போது ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறோம். அதன் பெயர் 'குப்பையிலிருந்து கலை'. காலி பாட்டில்களைக் கம்பியில் கட்டி ஒரு மீன். நெகிழிப் பைகளைச் சுருட்டி ஒரு மரம். பழைய சைக்கிள் செயினில் ஒரு மயில். முன்னால் நின்று செல்ஃபி எடுக்க ஒரு மேடை. மூன்று மாதம் வெயிலில் காய்ந்து, மீனின் செதில் ஒவ்வொன்றாக உதிர்ந்து சாக்கடைக்குள் போகும். பாட்டில் நேராகச் சாக்கடைக்குப் போகாமல் கலை வழியாகச் சுற்றிப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

குப்பையிலிருந்து பொருள் செய்வதை நான் எதிர்க்கவில்லை. அதைப்போல் மரியாதைக்குரிய வேலை குறைவு. என் சண்டை, செய்த பொருள் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்க மறுப்பவர்களோடுதான்.

*

நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் 'வீணான பொருளிலிருந்து விலையான பொருள்' போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நடுவர்களில் நான் ஒருவன். ஹால் முழுக்க மேசை. மேசை முழுக்கப் பளபளப்பு. ஐஸ் குச்சியில் வீடு, ஸ்ட்ராவில் ஊஞ்சல், காகிதக் கப்பில் கோபுரம், தெர்மாகோலில் பூமி உருண்டை. பூமிக்கு இரண்டு கண், கண்ணில் நீலக் கண்ணீர்.

"இந்த ஐஸ் குச்சியெல்லாம் எங்க பொறுக்குனப்பா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன்.

"பொறுக்கல சார். கட்டு முப்பது ரூபா. எங்கம்மா ஸ்டேஷனரி கடைல வாங்குனாங்க."

ஸ்ட்ரா புதுசு. கப் புதுசு. தெர்மாகோல் ஷீட் புதுசு. குப்பையிலிருந்து கலை செய்வதற்காகக் கடையில் போய்ப் புது சாமான் வாங்கி, அதைக் குப்பையாக்கிக் கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் பெரியவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்றடித்ததும் அத்தனையும் கரை ஒதுங்கியது. தமிழ்நாடே சிரித்தது. இன்றைக்கு வரைக்கும் மீம் போடுகிறோம். அதே தெர்மாகோலில் நம் பிள்ளை அழுகிற பூமி செய்தால் மட்டும் கைதட்டிச் சான்றிதழ் கொடுக்கிறோம். அணையில் போட்டதாவது ஒரு வேலை செய்யும் என்று நம்பிப் போட்டார்கள்.

கடைசி மேசையில் ஒரு பொண்ணு ஒரு கால்மிதியை விரித்து வைத்திருந்தாள். பழைய சேலைகளை நாடா நாடாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தது. "எங்க அப்பத்தா சொல்லிக் கொடுத்துச்சு சார். இது ரெண்டாவது. முதல்ல பின்னுனது வீட்டுல கெடக்கு, ரெண்டு வருஷமா மிதிக்கிறோம்." பொருள் உண்மையிலேயே பழசு. செய்த கை அவளுடையது. வேலை செய்கிறது. நான் அதற்கு முதல் பரிசு என்றேன். மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இதுல மெசேஜ் இல்லையே" என்றார்கள். அழுகிற பூமி ஜெயித்தது.

அந்த 'மெசேஜ் இல்லையே'வைத்தான் நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. இரண்டு வருஷம் மிதிபட்டும் கிழியாத ஒரு பழைய சேலை சொல்லாத எந்த மெசேஜை அந்தத் தெர்மாகோல் சொல்லிவிட்டது?

*

பாட்டில் மீனின் கதையைப் பழைய இரும்புக் கடையில் கேட்க வேண்டும். மதுரையில் பழசுக்கென்று ஓர் உலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். உடைந்த ஸ்பேனர், ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம், மூடியில்லாத குக்கர் என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு, வாங்குகிறவர் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பழைய இரும்புக் கடை அண்ணனிடம், பெயிண்ட் அடித்து, துணி ஒட்டி, ஜிகினா தூவிய ஒரு பாட்டிலைக் காட்டினேன்.

"அண்ணே, இத எடுப்பீங்களா?"

கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சும்மா குடுத்தாக்கூட வேணாம். வெறும் பாட்டிலா இருந்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு நான் எடுப்பேன், எனக்கு மேல ஒருத்தன் எடுப்பான். பசை, பெயிண்டு, துணி எல்லாம் ஒட்டிப்போட்டா எவன்ணே உரிச்சு எடுப்பான்? யாரு இப்படி நாசம் பண்ணுனது?"

தண்ணீர் பாட்டில் இன்னும் குப்பையாகவில்லை. அதற்குச் சந்தையில் விலை இருக்கிறது. பொறுக்குகிறவருக்குக் காசு கொடுத்து, கடை கடையாக ஏறி, கழுவி, துண்டாக்கி, உருக்கி, நூலாகவோ பட்டையாகவோ மாறக்கூடிய பொருள் அது. அதன்மேல் பசையும் பெயிண்டும் ஜிகினாவும் பூசியதும் அந்த வழி அடைந்துவிடுகிறது. மறுசுழற்சிக்குப் போகக்கூடிய ஒரு பொருளை நிரந்தரக் குப்பையாக்குவதற்குப் பெயர் விழிப்புணர்வுக் கலை என்றால், என்னத்தச் சொல்ல? அந்த அண்ணனுக்குச் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. நம் கலைஞர்களை அவரிடம் ஒருவாரம் வேலைக்கு அனுப்பலாம்.

டெல்லியில் 2019இல் ஒரு பூங்கா திறந்தார்கள். உலகின் ஏழு அதிசயங்களையும் பழைய இரும்பில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். சுமார் 150 டன் இரும்பு. பெரிய வேலைதான். ஆனால் டெல்லி நகரம் ஒரு நாளைக்குப் போடும் குப்பை 10,000 டன்னுக்கும் மேல். கணக்குப் போட்டால் ஏழு அதிசயமும் சேர்ந்து டெல்லியின் இருபது நிமிடக் குப்பை. அதிலும் இரும்புக்கு விலை உண்டு, அதை யாரும் குப்பைமேட்டில் விட்டுவைப்பதில்லை. மேட்டில் மலையாகக் கிடப்பது வேறு சரக்கு. பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், ஈரச் சோறு, நாப்கின். அதையெல்லாம் வைத்து யாரும் ஈபிள் கோபுரம் கட்டுவதில்லை.

*

"அப்படின்னா நீ கலையே வேண்டாங்கிறியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும் என்றுதான் இத்தனை பேச்சு.

மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளிக் கீழடி. அங்கே தோண்டியபோது பொன்னும் மணியும் கிடைத்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. உடைந்த பானை ஓடுகளை ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள். நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் யார் வீட்டிலோ பானை உடைந்திருக்கிறது. ஓட்டைத் தூக்கிப்போடாமல் ஒரு பிள்ளையோ பெரியவரோ கல்லில் உரசி உரசி ஆட்டக்காய் ஆக்கியிருக்கிறார்கள். குப்பையிலிருந்து செய்த, வேலை பார்க்கிற கலைப்பொருள் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். அதில் மெசேஜ் எதுவும் எழுதியிருக்கவில்லை. விளையாடியிருக்கிறார்கள்.

அந்தக் கை இந்த மண்ணில் அற்றுப்போகவும் இல்லை. லாரி டயரை வெட்டிக் கவிழ்த்துக் கம்பி போட்ட வாளியைக் கிணற்றடியில் பார்த்திருப்பீர்கள். எத்தனை தடவை கல்லில் மோதினாலும் உடையாது. டயர்ச் செருப்பு உண்டு. டின் டப்பாவில் திரி போட்ட சிமினி விளக்கு உண்டு. பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் அரைத்துச் சேர்த்து, பானைமேல் அப்பிக் காயவைத்த கூடைகள் பாட்டிமார் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். பழைய சேலை தொட்டிலாகும், தொட்டில் கிழிந்தால் கரித்துணியாகும். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவியவர் நம் முதல் மறுசுழற்சி நிலையம். இவர்களில் யாரையும் நாம் கலைஞர் என்று கூப்பிட்டதில்லை. ஏழ்மை என்று பெயர் வைத்தோம். அதே டயரைக் கலைக்கூடத்தில் ஆங்கிலச் சீட்டு ஒட்டி நாற்காலியாக வைத்தால் பெயர் மாறிவிடுகிறது, விலையும் மாறிவிடுகிறது. மஞ்சப்பைக்கும் இதே கதை. நகரத்துக்கு மஞ்சப்பையோடு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமா சினிமாவாகச் சிரித்துவிட்டு, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. சிரித்தவர்கள் யார், பையைத் தூக்கியவர்கள் யார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

*

பழைய கை நுட்பம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரிலேயே புதிய உதாரணம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி. அங்கே வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன். பிளாஸ்டிக்கை ஒழிக்கணும், தடை பண்ணணும் என்று பேச்சு பெருத்த காலத்தில் அவர் ஓர் எளிய உறவைக் கவனித்தார். தாரும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியம் பெற்ற பிள்ளைகள். இரண்டும் ஒட்டும்.

செய்முறை ஒரு சமையல் குறிப்பு அளவுக்குத்தான். பைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டாக்க வேண்டும். ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி அதன்மேல் துண்டுகளைத் தூவ வேண்டும். பிளாஸ்டிக் உருகி ஒவ்வொரு கல்லையும் தோல்போல் மூடிக்கொள்ளும். அப்புறம் தார். தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும், ரோடு கூடுதல் நாள் தாங்கும், தாரும் மிச்சம். பி.வி.சி.யை மட்டும் சேர்க்கக் கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுப் பார்த்தார்கள். 2006இல் காப்புரிமை. 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் போட்டால் தோராயமாக ஒரு டன் பிளாஸ்டிக் உள்ளே போகும். பிறகு அவர் கல் கழிவையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தளக்கல் செய்தார், பெயர் பிளாஸ்டோன். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் விட்டுவிட்டுப் போன கல் குவியல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனையின் அருமை புரியும். இரண்டு கழிவுக்கும் ஒரே கல்லில் வேலை.

ரோட்டைப் போய்க் கலை என்கிறாயே என்று சிரிக்கலாம். ஒரு பொருளைப் பார்த்து, அதன் சுபாவத்தைப் புரிந்துகொண்டு, அது எதோடு சேரும் எதோடு சேராது என்று கண்டு, உபயோகமான வடிவம் கொடுப்பதற்குக் குயவர் தொட்டு நெசவாளர் வரை நம் ஊரில் என்ன பெயர்?

இதற்கும் எதிர்க்கேள்வி உண்டு, மறைக்கமாட்டேன். ரோடு தேயத் தேய அந்தப் பிளாஸ்டிக் நுண்துகளாக மண்ணுக்கும் கண்மாய்க்கும் போகாதா என்பது நியாயமான சந்தேகம். 'எவ்வளவு வேணாலும் உற்பத்தி பண்ணுங்க, ரோட்டுல போட்டுக்கலாம்' என்று கம்பெனிகள் இதைச் சாக்காக்கிக்கொள்ளும் என்பது அதைவிட நியாயமானது. ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்க முடிகிறது பாருங்கள், அதுதான் வேலை செய்யும் பொருளின் குணம். எத்தனை டிகிரி, எத்தனை டன், எத்தனை வருஷம், எது சேரும், எது சேராது என்று அளக்கலாம், தோற்றால் தோற்றது என்று சொல்லலாம். கண்ணீர் விடும் தெர்மாகோல் பூமியிடம் இதில் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்? அது தோற்கவே முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் அதைப் பிடிக்கிறது.

வெறுமனே பார்க்கிற கலையிலும் நேர்மையானது உண்டு. சண்டிகரைக் கட்டுவதற்காகக் கிராமங்களை இடித்தபோது, நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 வாக்கில் தொடங்கி அந்த இடிபாடுகளை, உடைந்த வளையலை, பீங்கானைச் சேர்த்துக் காட்டுக்குள் ரகசியமாகச் சிற்பத் தோட்டம் செய்தார். 1975இல்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு திட்டம் எதையெல்லாம் அழித்ததோ அதையே அந்தத் திட்டத்தின் நடுவில் நிற்க வைத்தார். அங்கே குப்பைக்கு ஞாபகம் இருக்கிறது. நம் பாட்டில் மீனுக்கு, தன்னை அடைத்து விற்ற கம்பெனியின் பெயர்கூட ஞாபகமில்லை. லேபிளை உரித்துவிட்டுத்தானே கட்டுகிறோம்!

*

அந்த லேபிளில்தான் விவகாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1953இல் ஓர் அமைப்பு தொடங்கியது. 'அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்' என்று பெயர். தொடங்கியவர்களில் டப்பா, பாட்டில் செய்யும் கம்பெனிகளும் உண்டு. 1971இல் அவர்கள் எடுத்த விளம்பரத்தில் செவ்விந்தியர் ஒருவர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். நடித்தவர் இத்தாலிய வம்சாவளி. கண்ணீர் யாரைப் பார்த்து? வீசியெறிந்த ஆளைப் பார்த்து. செய்து விற்றவரைப் பார்த்து ஒரு சொட்டும் இல்லை. அதே 1971இல் ஒரிகான் மாநிலம், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்று சட்டம் போட்டது. அப்படிப்பட்ட சட்டங்களைப் பானக் கம்பெனிகள் விடாமல் எதிர்த்தன. நம் தெர்மாகோல் பூமியின் கண்ணீருக்கு மூதாதை யார் என்று இப்போது தெரிகிறதா?

நம் ஊரிலும் ஒரு சோதனை நடந்தது. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில்களைக் காட்டில் உடைத்துப்போட, யானைகள் காலில் குத்திக்கொண்டு திரிந்தன. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடித்தவர்களுக்கு யாரும் விழிப்புணர்வு ஊட்டவில்லை. பத்து ரூபாய் ஊட்டியது.

ஷாம்பு பாக்கெட்டுக்கு இப்படி ஒன்று ஏன் இல்லை? ஏழைக்கும் ஷாம்பு கிடைக்கட்டும் என்று சின்னப் பாக்கெட்டைப் பரப்பியதில் கடலூர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல அடுக்கு உறையை எந்தப் பழைய இரும்புக் கடையும் எடுப்பதில்லை. அதற்கு விலை இல்லை. விலை இல்லாததால் யாரும் பொறுக்குவதில்லை. யாரும் பொறுக்காதது வாய்க்காலில் போய் அடைக்கிறது, வெள்ளக்கல் கிடங்கில் போய்ச் சேர்கிறது, அங்கே எரிந்தால் அவனியாபுரம் அதைச் சுவாசிக்கிறது. செய்தவரே திரும்ப எடுக்க வேண்டும் என்று 2016இன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. விதி காகிதத்தில் இருக்க, பிள்ளைகளைச் செயற்கைப் பூ செய்யச் சொல்கிறோம்.

*

ஆகவே, அடுத்த முறை யாராவது உங்களைக் 'குப்பையிலிருந்து கலை' நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் போங்கள். போய் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குப் பயன்படுத்திய பொருள் நிஜமாகவே குப்பையா, கடையில் வாங்கியதா? அடுத்த வருஷம் இதே நாள் இதை யாராவது உபயோகித்துக்கொண்டு இருப்பார்களா? இது உடைந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடுப்பாரா?

மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய கலையைச் செய்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். டயர் வாளி செய்பவர், குடை ரிப்பேர் செய்பவர், சேலை பின்னும் அப்பத்தா. அவர்களைக் கூப்பிட்டு மேடை கொடுங்கள், மாலை வேண்டாம், ஒரு நாள் சம்பளம் கொடுங்கள். பள்ளிக்கூடங்களில் அந்தப் போட்டியை நிறுத்திவிட்டுக் கிழிந்ததைத் தைக்கும் போட்டி வையுங்கள், ஓடாததை ஓட வைக்கும் போட்டி வையுங்கள். நகரத்தின் குப்பையைத் தினமும் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரை நடுவராக உட்கார வையுங்கள். எது வேலை செய்யும், எது மறுபடி தன் தலையில்தான் வந்து விழும் என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரியும்.

பாட்டில் மீன் கட்டியே தீருவேன் என்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுங்கள். லேபிளை மட்டும் உரிக்காதீர்கள். எந்தக் கம்பெனியின் பாட்டில் எத்தனை என்று எண்ணிப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். திறப்பு விழாவுக்கு யார் பணம் கொடுத்தது என்பதையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.